பால் குடித்ததற்குச் சாட்சி இல்லை

1

அம்மா இறந்து ஒரு வருடம் முடிவதும், அமெரிக்க அரசாங்கத்தின் மீது நான் போட்ட வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வருவதும் அடுத்தடுத்து நடந்தன. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் மனைவி கேசரி கிளறினாள். அது எதற்கான கேசரி என்று நான் கேட்கவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு அமெரிக்கக் கோர்ட் என்றால் கொலை, விவாகரத்து, சினிமாக்காரர்களின் வழக்கு. இறக்குமதிச் சண்டைக்கென்றே தனியாக ஒரு மத்திய நீதிமன்றம் நியூ யார்க்கில் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அது தெரியாது. கப்பலில் வந்த பொருள் என்ன பொருள், எந்த நாட்டுப் பொருள், அதன் நிஜமான விலை என்ன என்ற மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு அங்கே படித்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். அதில் மூன்றாவது கேள்விக்காக நான் அங்கே போனேன்.

என் பெயர் கமாலுதீன். சொந்த ஊர் மரக்காணம். அமெரிக்காவில் சின்னதாக ஓர் இறக்குமதித் தொழில். மரக்காணத்து உப்பை வெட்டிவேர், ரோஜா இதழ், வாசனை எண்ணெய் சேர்த்துத் துணிப்பைகளில் கட்டி, வெள்ளைக்காரர்கள் குளிக்கிற தொட்டியில் போடுவதற்காக விற்கிறேன். இதே உப்பைச் சாப்பாட்டில் போட்டால் இந்த நாட்டில் சுங்க வரி கிடையாது. வாசனை சேர்த்துத் தொட்டியில் போட்டால் வரி உண்டு. அதோடு எனக்குச் சண்டை இல்லை. வரி பொருளின் விலையில் இத்தனை சதவீதம் என்று போடப்படும். விலை எது என்பதில்தான் சண்டை.

அந்தப் பைகளை மரக்காணத்தில் கட்டி அனுப்புகிறவள் மெஹருன்னிசா. மெஹர் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். அவள் எனக்கு யார் என்பதுதான் வழக்கு.

2

யார் என்று உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். இங்கே சத்தியம் வாங்க ஆள் இல்லை.

மெஹர் பக்கத்து வீட்டுப் பெண். நான் பிறந்து பதினைந்து நாள் கழித்துப் பிறந்தாள். அவளைப் பெற்ற தாய்க்கு ஜன்னி கண்டு பால் நின்றுவிட்டது. என் அம்மா எட்டு மாதம் இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். மார்க்கப்படி ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள். நிக்காஹ் கூடாது. அவள் என் முன்னால் முக்காடு போட வேண்டியதில்லை. அவள் புருஷன் சவுதியில் இருந்த வருடங்களில் அவள் வீட்டு அடுப்படி வரைக்கும் போய், சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிற ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். என் சொந்தத் தம்பி இருந்திருந்தால்கூட, பால் குடித்த எனக்கிருந்த உரிமை அவனுக்கு வந்திருக்குமா என்று ஊரில் விவாதம் நடந்திருக்கும். நல்லவேளை, தம்பி இல்லை.

புருஷன் சவுதியிலேயே மௌத்தாகி அவள் விதவையானபோது மகன் ரஃபிக்குப் பதினோரு வயது. மெஹர் ஆரோவில் பக்கம் ஒரு ஊதுபத்திப் பட்டறையில் நாலு வருடம் வேலை பார்த்தாள். வாசனை கலக்கவும், பார்க்க அழகாகக் கட்டவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். பிறகு ஊரில் ஒரு கொட்டகை போட்டு, பக்கத்து மீனவக் குப்பமான அனுமந்தையிலிருந்து பெண்கள் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு உப்புப் பை கட்ட ஆரம்பித்தாள். முதல் ஆர்டர் நான் கொடுத்தது. அதை எத்தனை பேரிடம் சொல்லிக்காட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கு இல்லை.

நான் ஊரைவிட்டு வந்த பிறகு என் அம்மாவுக்குச் சோறு போட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, கடைசியில் மய்யித்தைக் குளிப்பாட்டியது எல்லாம் அவள்தான். நான் மாதாமாதம் போன் பேசினேன்.

3

2004 கோடையில் ஒரு சரக்கு வந்தது. சுங்கத்தில் சில பெட்டிகளைத் திறந்து சோதனை போட்டார்கள். ஒரு பெட்டியில் உப்புப் பைகளுக்கு நடுவே பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே முறுக்கு. அதன் மேல் ஒரு கடிதம்.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு என்றால் அவர்களுக்கு அது மகனுக்கும் அண்ணனுக்கும் போகிற பஸ்தான். சீல் வைத்த பெட்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எதையாவது உள்ளே திணித்தாக வேண்டும். மெஹர் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு டப்பா வைப்பாள். என் மகள் ஸனா அதற்காகவே கிடங்குக்கு வருவாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து எதில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பாள். அவளுக்கும் ஊருக்கும் இருந்த தொடர்பு அந்த டப்பா மட்டும்தான்.

அந்தமுறை கடிதத்தை ரஃபி இங்கிலீஷில் எழுதியிருந்தான். இன்ஜினியரிங் சேர்ந்த புதிது, மாமனிடம் தன் இங்கிலீஷைக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறான். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'அம்மா சொல்லச் சொன்னார்கள். சென்னை வியாபாரிக்கு வேறு விலை. ஒரே தாயிடம் பால் குடித்த அண்ணனுக்கு இந்த விலைதான். யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

சுங்க அதிகாரி முறுக்கை எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டார்.

இந்த நாட்டுச் சட்டம் இப்படி. விற்பவரும் வாங்குபவரும் ஒரே குடும்பம் என்றால், அவர்கள் எழுதிக்கொண்ட விலையை அரசாங்கம் நம்ப வேண்டியதில்லை. உறவு விலையைத் தொடவில்லை என்று நாம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதே மாதிரிப் பொருள் வேறு ஆளுக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, அந்த விலைக்கு வரி போடுவார்கள். குடும்பம் யார் என்று ஒரு பட்டியலும் உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, முழு ரத்தமானாலும் சரி, பாதி ரத்தமானாலும் சரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்தத்தைப் பாதிவரை அளந்திருக்கிறார்கள். பாலைப் பற்றி ஒரு வரி இல்லை.

4

விலையை உயர்த்தி வரி போட்டிருக்கிறோம் என்ற நோட்டீஸ் என் கைக்கு வந்தது சுனாமி வந்த வாரத்தில்.

மூன்று நாள் மரக்காணத்துக்கு லைன் கிடைக்கவில்லை. டிவியில் கடலூரையும் நாகப்பட்டினத்தையும் காட்டினார்கள். மரக்காணத்தைக் காட்டவே இல்லை. காட்டாததால் உயிரோடு இருப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நாலாம் நாள் மெஹர் எடுத்தாள்.

"அம்மா நல்லா இருக்காங்கண்ணே. மாடி வூட்டுக்குக் கூட்டினு போயிட்டோம். கொட்டகைல முட்டி வரைக்கும் தண்ணி. உப்பு மொத்தம் கரைஞ்சிடுச்சி. அனுமந்தைல நம்ம பொண்ணுங்க நாலு பேரு வூட்ல படகு போச்சி, வலை போச்சி. பை கட்டுற செல்வியோட புள்ளைய இன்னும் தேடிக்கினு இருக்காங்க."

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்றேன். அதற்கப்புறம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் குறிப்புகளுக்கு அர்த்தம் இல்லை. "அந்த டப்பாவுல லெட்டர் எதுக்கு வெச்ச? அறிவு இல்ல உனக்கு?"

அவளுக்குப் புரியவில்லை. நாலைந்து மாதத்துக்கு முந்தைய டப்பாவைப் பற்றிக் கேட்கிறேன். போனில் அவளுக்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

"முறுக்கு நமுத்துப் போச்சாண்ணே?" என்றாள்.

5

வக்கீலின் பெயர் மார்ட்டி. எழுபது வயது இருக்கும். நாற்பது வருடமாக இதே கோர்ட்டில் இதே வேலை. முதலில் சுங்கத்துறையிடமே ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குக் கெடு உண்டு என்றார். கொடுத்தோம், தள்ளுபடி செய்தார்கள். அடுத்து கேட்ட வரியை முழுதாகக் கட்ட வேண்டும், கட்டினால்தான் கோர்ட் வாசல் திறக்கும் என்றார். கட்டினேன். கோர்ட்டில் சுங்கத்துறை சொன்னது சரி என்று எடுத்துக்கொண்டுதான் வழக்கு ஆரம்பமாகும், தப்பு என்று நிரூபிப்பது நம் வேலை என்றும் சொன்னார். நல்ல நாடு, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

"இரண்டு வழி இருக்கிறது" என்றார். "ஒன்று, இவர் உறவுதான் என்று ஒப்புக்கொண்டு, கூடுதல் வரியைக் கட்டிவிட்டுப் போகலாம். உங்கள் சரக்குக்கு வருடத்துக்கு ஒரு நல்ல ஃபிரிட்ஜ் விலைதான் ஆகும். இன்னொன்று, உறவே இல்லை என்று வாதாடலாம். பட்டியலில் பால் இல்லை. ஆனால் பட்டியல் வெறும் உதாரணம், குடும்பம் என்பது அதைவிடப் பெரியது என்று அரசாங்கம் சொல்லும். அதனால் அவரை நீங்கள் குடும்பமாக நினைக்கிறீர்களா என்று உங்களையே கேட்பார்கள்."

ஒரு ஃபிரிட்ஜ். நான் யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். வழக்குத் தாளின் மாதிரி ஒன்று அவர் மேஜையில் இருந்தது. இந்தக் கோர்ட்டில் வழக்கின் தலைப்பு எப்போதும் ஒரே மாதிரி: இறக்குமதி செய்தவன் பெயர், எதிர், அமெரிக்க ஐக்கிய நாடு. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் மாவு மூட்டை இறக்கியவரின் மகன், எதிர், அமெரிக்கா. அதைத் தட்டச்சில் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வெளியில் வேறு காரணம் சொன்னேன். அலை அடித்த ஊர், பன்னிரண்டு பெண்களின் பிழைப்பு, வரி ஏறினால் ஆர்டர் குறையும் என்று மனைவியிடம் சொன்னேன், மசூதியில் சொன்னேன், கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அனுமந்தைக்காரிகளின் துக்கத்தை அவர்களைக் கேட்காமலே எடுத்துச் செலவு செய்தேன்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அம்மா இறந்தாள். விசாரணைக்கு முன் அரசுத் தரப்பு என்னைக் கேள்வி கேட்கும் தேதி அதே வாரத்தில் இருந்தது. மார்ட்டி, தேதியை மாற்றலாம், அதற்காகத்தானே கோர்ட் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். அடக்கத்துக்கு எப்படியும் போய்ச் சேர முடியாது, நாற்பதாம் நாளுக்குப் போகலாம் என்றேன். நாற்பதாம் நாளுக்கும் போகவில்லை. மெஹர் தொலைபேசியில் சொன்னாள்: "முகம் நல்லா இருந்திச்சிண்ணே. சிரிச்ச மாதிரி. நான்தான் குளிப்பாட்டினேன்."

6

அடுத்த வசந்தத்தில், விசாரணை நாளில் ஸனாவும் வந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. பெற்றோரின் வேலையை ஒருநாள் கூடவே இருந்து பார்த்து எழுதி வரவேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். தோழி ஒருத்தியின் அப்பா தீயணைப்பு வீரராம். எனக்குப் போட்டியாகச் சொல்ல ஒரு வழக்காவது இருந்தது.

எங்களுக்கு முன்னால் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பஞ்சு அடைத்த கரடி ஒன்று. அதன் வயிற்றில் ஜிப் வைத்த பை. கரடி பொம்மையா, கைப்பையா என்பது கேள்வி. ஒரு மணி நேரம் வாதாடினார்கள். நீதிபதி கரடியை வாங்கித் தன் பேனாவை வயிற்றில் போட்டு மூடினார், திறந்தார், தோளில் மாட்டிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜூரி கிடையாது. இரண்டு தரப்பு வக்கீல்களும் வராந்தாவில் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் நலம் விசாரித்தார்கள். ஊரில் உப்பளத் தகராறுக்கு ரத்தம் பார்த்தவன் நான். இந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்கு இந்த இடத்தில் எதைச் சொன்னாலும் யாருக்கும் வலிக்காது என்று தோன்றிவிட்டது.

என்னைக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். மார்ட்டி அதற்கு முன் காதில் சொன்னது ஒன்றே ஒன்று. "உண்மையைச் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள்."

அரசுத் தரப்பு வக்கீல் ஓர் இளம்பெண். மிக மரியாதையாகக் கேட்டாள். ரஃபியின் கடிதத்தைக் கையில் கொடுத்தாள். அதில் அண்ணன் என்று இருக்கிறதே என்றாள்.

"எங்கள் ஊரில் கடைக்காரர்கள் எல்லோரையும் அண்ணன் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் போனால் உங்களை அக்கா என்பார்கள்" என்றேன்.

"ஒரே தாயிடம் பால் குடித்த அண்ணன் என்று இருக்கிறது."

"அது வியாபாரப் பேச்சு. விலையைக் குறைத்துக் கொடுப்பது போல் காட்டுவதற்குச் சொல்வது."

"உங்கள் தாய் இவருக்குப் பால் கொடுத்தாரா?"

நான் நீதிபதியைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது. நானே அப்போது கைக்குழந்தை."

கோர்ட் சிரித்தது. கரடிக்குச் சிரிக்காதவர்கள் இதற்குச் சிரித்தார்கள். அந்தப் பெண் வக்கீலும் சிரித்தாள். நீதிபதி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பின்வரிசையில் ஸனாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. என் வாழ்நாளில் இங்கிலீஷில் நான் சொல்லி ஒரு சபை சிரித்தது அதுதான் முதல் தடவை. பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் நான் சொன்ன ஒவ்வொரு வேடிக்கையையும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்தது. இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் நீதிபதியே கேட்டார். "இந்தப் பெண்மணியை உங்கள் குடும்பத்தில் ஒருவராக நினைக்கிறீர்களா?"

"இல்லை, யுவர் ஆனர். நான் சரக்கு வாங்கும் இடம்."

ரயிலில் திரும்பும்போது ஸனா கேட்டாள். "அத்தா, ஆயாதானே மெஹர் மாமிக்கு மில்க் குடுத்தாங்க? ஆயா எங்கிட்ட போன்ல சொன்னாங்களே."

"எனக்கு ஞாபகம் இல்லைன்னுதானே சொன்னேன். நிஜமாவே ஞாபகம் இல்லை."

அவள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கு எழுதிக் கொடுத்ததில் கரடியைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள்.

7

தீர்ப்பு வந்தது. பொருள் வாங்கியவரும் விற்றவரும் குடும்பத்தினர் அல்லர், எழுதிய விலையே விலை, கட்டிய கூடுதல் வரியைத் திருப்பித் தர வேண்டும். என் சாட்சியம் நம்பத்தகுந்ததாக இருந்தது என்று நீதிபதி எழுதியிருந்தார். பாலைப் பற்றிய சொற்கள் அந்த வட்டாரத்து வியாபாரிகளின் உபசார வழக்கு என்று சாட்சி விளக்கினார், மறுக்க எதிர்த்தரப்பில் ஆதாரம் இல்லை என்றும் எழுதியிருந்தார். நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் வைத்ததை அவர் எடை போட்டார். வைத்தவன் நான்.

இந்தக் கோர்ட்டின் தீர்ப்புகளை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் பெயர், எதிர், அமெரிக்க ஐக்கிய நாடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாண்டிச்சேரியில் இன்ஜினியரிங் படிக்கும் ரஃபிக்கு போன் போட்டு, எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பிரிண்ட் எடுத்து ஊரில் நாலு பேருக்குக் காட்டு என்றேன். தீர்ப்புக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு அந்த நிமிடம் மறந்தே போயிருந்தது. தலைப்புதான் கண்ணில் நின்றது.

ஒரு வாரம் கழித்து நானே கூப்பிட்டேன்.

"பிரிண்ட் எடுத்தேன் மாமா. அம்மா தமிழ்ல படிச்சிக் காட்டச் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"அந்த பால் வர்ற இடத்தை மட்டும் ரெண்டாவது தபா படிக்கச் சொன்னாங்க."

8

அம்மாவின் முதல் வருஷ நினைவுக்கு ஓதும் ஃபாத்திஹாவுக்கு ஸனாவைக் கூட்டிக்கொண்டு மரக்காணம் போனேன். அம்மா கடைசியில் மெஹர் வீட்டில்தான் இருந்தாள் என்பதால் ஃபாத்திஹாவும் அங்கேதான். போகிற வழியில் உப்பளங்களில் மழைக்கு முந்தைய கடைசி வேலை நடந்துகொண்டிருந்தது. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களை ஸனா போட்டோ எடுத்தாள்.

வாசலில் ரஃபி நின்றிருந்தான். "மா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "வாங்க" என்றான். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஒரே ஒரு நாற்காலி. ஸனா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே ஓடினாள். நானும் அவள் பின்னால் போனேன். அடுப்படி வாசல் நிலையில் புதிதாக ஒரு பச்சைத் துணி தொங்கியது. அந்த வீட்டில் அந்த இடத்தில் நான் திரைச்சீலை பார்த்ததே இல்லை.

"ரஃபி, வந்தவங்கள உக்காரச் சொல்லு. டீ குடு." மெஹரின் குரல்.

"மெஹர், இன்னா இது? நான்தான்."

"தெரியுதுங்க."

அவள் என்னிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. முதலில் வந்தது அதுதான்.

"வெளிய வா. விளையாடாத."

"அந்நிய ஆம்பளைங்க முன்னால வர்ற பழக்கம் எங்க வூட்ல இல்லீங்க."

"நான் உனக்கு அந்நியனா?"

"நான் சொல்லலீங்களே. நீங்கதான் சத்தியம் பண்ணி சொல்லியிருக்கீங்க. ஜட்ஜும் சரின்னு எழுதிட்டாரு. அவ்ளோ பெரிய கோர்ட்டு எழுதினத நான் எப்படி மாத்துறது?"

"அது வரிக்காக சொன்னது மெஹர். பேப்பருக்கு. உன் கொட்டகைக்காகத்தான் சொன்னேன்."

உள்ளே பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல் பதில் வந்தது.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த கூப்பிட்டுக் கேட்டேங்க. பால் குடிச்சதுக்கு சாட்சி இருக்குதான்னு கேட்டாரு. குடுத்தவங்க மௌத்தாயிட்டாங்க. எங்கம்மா எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாங்க. குடிச்சவரு தெரியாதுன்னு சொல்லிட்டாரு. நானும் கைக்குழந்தைதானுங்களே அப்போ. அப்ப சாட்சி இல்லைன்னு சொன்னேன். சாட்சி இல்லைன்னா நீங்க எனக்கு யாருங்க? நிக்காஹ் பண்ணிக்கக்கூடிய ஆளு. புருஷன் இல்லாத பொம்பள நான். எப்படி முன்னால வர்றது, நீங்களே சொல்லுங்க."

நான் கோர்ட்டில் சொன்ன வாக்கியத்தை அவள் அப்படியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன். தப்பு அவள் பக்கம் இல்லவே இல்லை.

ரஃபி டீயைக் கொண்டுவந்தான். என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிக் கையில் வைத்தான். ஸனா திரையை விலக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் துணி விலகியபோது நான் பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது. மெஹர் நிற்கும் இடத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருந்தாள்.

"மாமி அழறாங்களா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இல்லை. பூண்டு உரிக்கிறாங்க."

ஹஜ்ரத் வந்து ஓதினார். ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நெய்ச்சோறும் தால்ச்சாவும். அம்மா செய்கிற அதே பக்குவம், அம்மாவிடம் கற்றது. முன்பெல்லாம் எனக்கென்று அடிச்சட்டியில் பிடித்த சோற்றைச் சுரண்டித் தனியாக எடுத்து வைப்பாள். அன்று எல்லோருக்கும் பரிமாறிய மாதிரியே எனக்கும் பரிமாறினார்கள். மறுசோறு போடட்டுமா என்று ரஃபி விருந்தாளியைக் கேட்பது போல் கேட்டான். போதும் என்றேன்.

கிளம்பும்போது திரைக்கு முன்னால் நின்று, "போயிட்டு வர்றேன் மெஹர்" என்றேன்.

"நல்லதுங்க" என்றாள். "அடுத்த சரக்கு ரெடியா இருக்குது. மாசக் கடைசில கப்பல் ஏறும். அதுல ஒண்ணும் குறை இருக்காது."

9

போன வாரம் அந்தச் சரக்கு வந்தது. ஸனா கிடங்குக்கு வந்தாள். இப்போதெல்லாம் என்னோடு எங்கேயும் வராதவள், இதற்கு வந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குலுக்கிக் காதை வைத்துக் கேட்டாள். எதிலும் தகரச் சத்தம் இல்லை.

"மாமி மறந்துட்டாங்களா?"

நான் காகிதங்களைப் பார்த்தேன். சென்னை வியாபாரிக்குக் கொடுக்கிற அதே விலை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உறவு உண்டா என்ற இடத்தில் இல்லை என்று இருந்தது. எப்போதும் ரஃபிதான் தட்டச்சு செய்வான். அந்த ஒரு சொல்லை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள். மெஹரின் கையெழுத்து எனக்குத் தெரியும். நாலாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர்கள் நாங்கள்.

ஸனா அலுத்துப்போய்க் காரில் போய் உட்கார்ந்தாள். நான் கத்தியை எடுத்து எல்லாப் பெட்டிகளையும் பிரித்தேன். ஒவ்வொரு பையையும் வெளியே எடுத்து, பெட்டியின் அடிவரை கையை விட்டுப் பார்த்தேன். வெட்டிவேர் வாசனையும் உப்பும்தான். கடைசி மூன்று பெட்டிகளில் ஏற்கெனவே டேப் மாற்றி ஒட்டப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் சுங்கத்தில் அவற்றைத் திறந்து சோதனை போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.